பாரிஸில் எந்த சிம்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாரிஸில் உள்ள மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கவிருக்கிறோம், நடுவில் இரண்டு நாள் சுவிட்சர்லாந்து செல்லும் எண்ணமும் உண்டு. ரோமிங் பேக் விலையைக் கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. இணையமும் வேண்டும், வங்கி ஓடிபியும் வர வேண்டும். சிக்கனமான வழி எது?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மாதம் முழுவதற்கும் ரோமிங் பேக் போடுவது வீண் செலவு. மகள் வீட்டில் வைஃபை இருக்குமானால், வெளியே சுற்றும் நேரத்துக்கான இணையத்தை மட்டும் நீங்கள் விலை கொடுத்து வாங்கினால் போதும். அதற்குப் பிரெஞ்சு ப்ரீபெய்ட் சிம் ஒன்றைப் பாஸ்போர்ட்டைக் காட்டி அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கூடாது என்ற விதி 2017 ஜூன் 15 முதல் நடப்பில் இருப்பதால், அதே சிம்மோடு பெல்ஜியத்துக்கோ இத்தாலிக்கோ சென்றாலும், நியாயமான பயன்பாட்டு வரம்புக்குள், உள்ளூர்க் கட்டணமே ஆகும். நம் ஊர்க்காரர் பலருக்கு உறவினர் இருக்கும், பிரான்ஸின் பகுதியான ரீயூனியன் தீவுக்கும் இது பொருந்தும்.

சிக்கல் சுவிட்சர்லாந்தில்தான். அது ஒன்றியத்தில் இல்லை என்பதால் இந்த விதி அங்கே செல்லாது; ஜெனீவா ஏரியின் பிரெஞ்சுக் கரையில் நிற்கும்போதே சுவிஸ் கோபுரத்தின் சிக்னலைக் கைபேசி பிடித்துக்கொள்வதும் உண்டு. உங்கள் திட்டத்தில் சுவிஸ் சேர்ந்திருக்கிறதா என்று சிம் வாங்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால், அந்த இரண்டு நாளும் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடத்தையும் விடுதி வைஃபையையும் கொண்டு சமாளித்துவிடலாம்.

ஓடிபிக்கு ஊர் சிம் கைபேசியிலேயே இருக்க வேண்டும். புறப்படும் முன் அதில் சர்வதேச ரோமிங் வசதியை இயக்கச் சொல்லுங்கள். திரும்பும் நாள்வரை ரீசார்ஜ் செல்லுபடியாகவும் இருக்கட்டும். பிறகு இரட்டை சிம் அமைப்பில் டேட்டாவுக்குப் பிரெஞ்சு சிம்மைத் தேர்ந்தெடுத்து, ஊர் சிம்மின் டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. வரும் அழைப்பை எடுத்தால்தான் பணம் கரையும். ஆகவே உறவினரிடம் வாட்ஸ்அப்பில் மட்டும் அழைக்கும்படி சொல்லிவிட்டுப் போங்கள். இ-சிம் (அட்டை இல்லாமல் கைபேசியிலேயே நிறுவிக்கொள்ளும் சிம்) வாங்குவதானால், அதை நிறுவவே இணையம் தேவைப்படும் என்பதால் வீட்டு வைஃபையில் நிறுவிவிட்டுக் கிளம்புங்கள். விமானத்தில் ஏறியதும் ஏரோப்ளேன் மோடு போட மறக்க வேண்டாம். சில விமானங்களுக்குள்ளேயே இருக்கும் நெட்வொர்க்கின் கட்டணம் தரையில் உள்ளதைப் போல் பல மடங்கு.

கேள்வி: துபாயில் இருக்கும் தம்பி வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறான், ஆனால் அழைத்தால் பேச முடிவதில்லை. பெரிய நெட் பேக் போட்டால் சரியாகுமா?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஆகாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பின் குரல், வீடியோ அழைப்புகள் தடுக்கப்பட்டுள்ளன. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலியை இருவரும் நிறுவிக்கொள்ளுங்கள். வி.பி.என். (இணைய இணைப்பை வேறு இடத்தின் வழியாகத் திருப்பிவிடும் செயலி) போட்டால் பேசலாம் என்று அறைத்தோழர்கள் சொல்வார்கள். சட்டவிரோதச் செயலுக்கு அதைப் பயன்படுத்துவோருக்கு 5 லட்சம் திர்ஹாமுக்குக் குறையாத அபராதம் விதிக்க அந்நாட்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதைத் தம்பிக்குச் சொல்லி வையுங்கள்.