டிரைவருக்குக் காசு கேட்டால் பில் கேளுங்கள்

லினக்ஸில் (விண்டோஸ் போல ஓர் இயங்குதளம், மின்ட், உபுண்டு எல்லாம் அதன் வகைகள்) கிராபிக்ஸ் கார்டும், அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் போடுவது பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: புதுச்சேரி கடை ஒன்றில் என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 வாங்கினேன். வீட்டுக் கணினியில் லினக்ஸ் மின்ட் என்றதும், "லினக்ஸுக்குத் தனி லைசென்ஸ் டிரைவர்" என்று 1,500 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். பில்லில் அது இல்லை. இப்போது திரை நடுங்குகிறது. லினக்ஸ் போட்டதால் வாரண்டியும் கிடையாதாம்.
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் அம்மா. அந்த டிரைவரின் மூல நிரலில் பெரும்பகுதியை என்விடியா வெளியிடுவதில்லை, ஆனால் டிரைவரை எல்லோருக்கும் இலவசமாகத்தான் தருகிறது. மின்டில் 'டிரைவர் மேனேஜர்' திறந்து, பரிந்துரைத்திருப்பதைத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது. நிறுவிக் கொடுத்ததற்குக் கூலி கேட்டால் அது நியாயம். இல்லாத லைசென்ஸுக்குக் காசு வாங்குவது மோசடி.

அடுத்தது வாரண்டி. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. லினக்ஸுக்கு டிரைவர் எழுதித் தருவதே என்விடியாதான். அதை நிறுவினால் வாரண்டி எப்படிப் போகும்? வாரண்டி அட்டையில் எந்த வரியில் அப்படி இருக்கிறது என்று கடைக்காரரைக் காட்டச் சொல்லுங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்து வைத்தாலும் குறையுள்ள பொருளுக்கான பொறுப்பு கடையை விட்டுப் போகாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படித்தான்.

முதலில் மானிட்டர் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்புறம் கார்டை விண்டோஸ் உள்ள வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் நடுங்கினால் கோளாறு கார்டில்தான், வீடியோ எடுத்து வையுங்கள். அந்த 1,500 ரூபாய் ஜிபேயில் போயிருந்தால் அதுவே சாட்சி. கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால், கடை புதுச்சேரியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என்விடியா தளத்திலிருந்து இறக்கிய ஃபைலை நானே நிறுவினேன். ஒவ்வொரு முறை உபுண்டு அப்டேட் ஆனதும் கருந்திரை. கார்டைத் திருப்பிக் கொடுக்கலாமா?
– வில்லியனூர்

பதில்: கூடாது. கார்டில் ஒரு குறையும் இல்லை. லினக்ஸின் உட்கருவான கர்னல் மாறும்போது டிரைவரும் அதற்கேற்ப மறுபடி கட்டப்பட வேண்டும், உபுண்டுவின் சொந்தப் பட்டியலிலிருந்து நிறுவினால் அது தானாக நடக்கும். இதை எத்தனை தடவைதான் எழுதுவது? அந்த ஃபைலை நீக்கிவிட்டு 'அடிஷனல் டிரைவர்ஸ்' வழியாகப் போங்கள்.

கேள்வி: டிரைவர் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் நீலத்திரை ஒன்று ஏதோ கேட்டது. படிக்காமல் என்டர் தட்டிவிட்டேன். டிரைவர் வேலை செய்யவில்லை.
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

பதில்: படித்திருக்க வேண்டும் தம்பி. செக்யூர் பூட், அதாவது கையெழுத்தில்லாத நிரலைத் தடுக்கும் பாதுகாப்பு, இயங்கும் கணினியில், டிரைவருக்குக் கையெழுத்திட்ட சாவியை நீங்கள் ஏற்கிறீர்களா என்று கேட்கும் திரை அது. 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து, நிறுவும்போது நீங்கள் வைத்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். 'மோக்யுட்டில்' (mokutil) என்ற கட்டளையால் சாவியைத் திரும்பப் பதிவுக்கு அனுப்பலாம். பயாஸில் செக்யூர் பூட்டை அணைப்பது இன்னொரு வழி. அதே கணினியில் விண்டோஸ் இருந்தால், அணைக்கும் முன், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய ஜிடி 730 மலிவாக வருகிறது. மின்டில் ஓடுமா?
– திருப்பாதிரிப்புலியூர்

பதில்: எந்த ஜிடி 730 என்று கேளுங்கள். ஒரே பெயரில் இரண்டு சிப் விற்றார்கள். 384 கோர் உள்ளது கெப்ளர் தலைமுறை, அதற்கு 470 வரிசை டிரைவர். 96 கோர் உள்ளது அதற்கும் பழைய ஃபெர்மி, அதற்கு 390 வரிசையோடு சரி. அந்த வரிசைக்கு என்விடியா 2022 முடிவோடு ஆதரவை நிறுத்திவிட்டது. 470-க்கும் 2024-இல் முடிந்தது. "730, புதுசு மாதிரி இருக்கு சார்" என்று எனக்கு ஒருவர் விற்றது ஃபெர்மிதான். பெட்டியில் எங்குமே அது எழுதியிருக்கவில்லை. இன்று அந்தக் கார்டு நூவோ என்னும் திறந்தநிலை டிரைவரில்தான் ஓடுகிறது. படம் பார்க்க, டைப் செய்யப் போதும், கேம் ஆட உதவாது. கடையிலேயே லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை கொடுத்துப் பாருங்கள். ஜிகே208 (GK208) என்று வந்தால் கெப்ளர், விலை பேசலாம். ஜிஎஃப்108 (GF108) என்றால் ஃபெர்மி, வேண்டாம்.

கேள்வி: லினக்ஸில் கேம் ஆட எந்தக் கார்டு?
– முத்தியால்பேட்டை

பதில்: ஏஎம்டி. டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது.

கேள்வி: ஜிடிஎக்ஸ் 1060 செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? மகன் 'கூடா' (CUDA, என்விடியா கார்டுகளுக்கான நிரலாக்க முறை) படிக்கிறான், ஏஎம்டி ஒத்துவராது.
– அரியாங்குப்பம்

பதில்: படிக்கத் தொடங்க ஆகும். ஆனால் அந்தத் தலைமுறைக்கு 580 வரிசைதான் கடைசி டிரைவர், அதற்கு மேல் வரும் வரிசைகள் இந்தக் கார்டை ஏற்காது. விற்பவரிடம் அதைச் சொல்லியே விலையைக் குறையுங்கள். குறைக்கவில்லை என்றால் 1650-க்குப் போய்விடுங்கள். பில்லோடு.