கேள்வி–பதில்: 40,000 கட்டங்களும் ஒரு ஸ்பார்ஸ் அணியும்

கேள்வி: சோழவந்தான் பகுதியில் வைகைக் கரையோர நிலத்தடி நீர்மட்டத்தைக் கணிப்பது என் இறுதியாண்டுத் திட்டப்பணி. நிலப்பரப்பை 200-க்கு 200 கட்டங்களாகப் பிரித்து, குனூ ஆக்டேவ் என்னும் கணக்கீட்டு மென்பொருளில் காலியான ஸ்பார்ஸ் அணி (சுழியமல்லாத உறுப்புகளை மட்டும் சேமிக்கும் அணி) ஒன்றை உருவாக்கி, ஃபார் லூப் என்னும் சுழற்சிக் கட்டளை மூலம் ஒவ்வோர் உறுப்பாக நிரப்புகிறேன். சிறிய அளவில் உடனே விடை வருகிறது. முழு அளவுக்குப் போனால் லூப் முடிவதாகவே இல்லை. ஸ்பிஅலாக் கட்டளையால் முன்கூட்டியே இடம் ஒதுக்கியும் பயனில்லை. அணியை மூலைவிட்டம் மூலைவிட்டமாக நிரப்பும் ஸ்பிடயாக்ஸ் கட்டளையைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள் தோழிகள். எது சரி? — பொறியியல் மாணவி, மதுரை மாவட்டம்.

பதில்: ஸ்பார்ஸ் அணியைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரி; கோளாறு அதை நிரப்பும் முறையில் இருக்கிறது. 40,000 நிரைகளும் அத்தனை நிரல்களும் கொண்ட அணியைச் சுழியங்களோடு முழுமையாக வைத்தால் 160 கோடி உறுப்புகள், அதாவது 1,280 கோடி பைட் நினைவகம் வேண்டும். ஆனால் ஒரு கட்டம் தன்னோடும் தன் நான்கு பக்கத்துக் கட்டங்களோடும் மட்டுமே தொடர்புடையது என்பதால், சுழியமல்லாத உறுப்புகள் 1,99,200தான். அவற்றுக்கு 64 பிட் கணினியில் ஏறக்குறைய 35 லட்சம் பைட் போதும்.

இந்தச் சிக்கனத்துக்காக ஆக்டேவ், அதைப் போன்ற மென்பொருளான மேட்லாப் இரண்டுமே உறுப்புகளை நிரல் வாரியாக நெருக்கி அடுக்குகின்றன: மதிப்புகளுக்கு ஒரு பட்டியல், அவற்றின் நிரை எண்களுக்கு ஒரு பட்டியல், ஒவ்வொரு நிரலும் எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு பட்டியல். இடைவெளியே இல்லாத இந்த அடுக்கில் புதிய உறுப்பு ஒன்றை நுழைப்பது, பந்தி நடுவே ஒருவரை உட்காரவைப்பதற்காக அவருக்குப் பின்னால் போட்ட இலைகளை எல்லாம் தள்ளிப் போடுவதற்கு ஒப்பானது. சராசரியாக 1 லட்சம் உறுப்புகளை ஏறத்தாழ 2 லட்சம் தடவை படியெடுத்தால் அது 2,000 கோடி நகர்த்தல் ஆகிறது. ஸ்பிஅலாக் கட்டளையோ ஆக்டேவில் பெயரளவுக்கே உள்ளது. மேட்லாபோடு ஒத்துப்போவதற்காக வைத்திருக்கிறார்களே தவிர, நீங்கள் கேட்கும் கூடுதல் இடத்தை அது ஒதுக்குவதில்லை.

ஆகவே அணியைத் தொடாமல், நிரை எண், நிரல் எண், மதிப்பு என்னும் மூன்று சாதாரணப் பட்டியல்களை முதலில் நிரப்பிவிட்டு, இறுதியில் ஒரே ஒரு தடவை ஸ்பார்ஸ்(நிரை, நிரல், மதிப்பு, 40000, 40000) என்று அழையுங்கள். வரிசைப்படுத்தி அடுக்கும் வேலையை அக்கட்டளையே பார்த்துக்கொள்ளும். அதைவிடப் பயனுள்ள குணம் ஒன்றும் அதற்கு உண்டு: ஒரே இடத்துக்குப் பல மதிப்புகள் வந்தால் அவற்றைக் கூட்டிவிடும். இதனால் நீங்கள் கட்டம் கட்டமாகச் சிந்திக்க வேண்டியதில்லை; பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களான அ, ஆ என்னும் ஓர் இணைக்கு இடையே நீர் கடக்கும் திறன் க என்றால், (அ, அ), (ஆ, ஆ) இரண்டிலும் +க, (அ, ஆ), (ஆ, அ) இரண்டிலும் −க என நான்கு பதிவுகளை எழுதினால் போதும். உங்கள் பரப்பில் 79,600 இணைகள் இருப்பதால் பதிவுகள் 3,18,400. பட்டியல்களை அந்த நீளத்தில் முன்பே சுழியங்களால் உருவாக்கிக்கொள்ளுங்கள். ஓரத்தில் இருக்கும் கட்டத்துக்கு அண்டை குறைவு என்பதற்காகத் தனி நிபந்தனை எதுவும் எழுதத் தேவையில்லை என்பதே இம்முறையில் எனக்குப் பிடித்தது.

ஸ்பிடயாக்ஸ் தவறில்லை, வேகமானதும்கூட. எனினும் எண் வரிசையில் 200ஆம் கட்டமும் 201ஆம் கட்டமும் அடுத்தடுத்து இருந்தாலும், தரையில் ஒன்று ஒரு நிரலின் அடியிலும் மற்றது அடுத்த நிரலின் தலையிலும் உள்ளன. அத்தகைய இடங்களில் மூலைவிட்ட மதிப்பைச் சுழியமாக்க மறந்தால், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் தவறான விடை வரும்.

நீர்மட்டம் தெரிந்த ஒரு கட்டமாவது இல்லையெனில் இவ்வணிக்கு நேர்மாறு கிடையாது. நீங்கள் வைகையை அப்படி எடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஆற்றில் மணல் மட்டும் தெரியும் மாதங்களுக்கு அது பொருந்துமா என்று யோசியுங்கள். தெரிந்த கட்டங்களின் நிரைகளையும் நிரல்களையும் நீக்கி, அவற்றின் பங்கை வலப்பக்கத்துக்கு மாற்றினால் அணியின் சமச்சீர் கெடாது. விடை காணப் பின்சாய்வுக் கோட்டையே (\) பயன்படுத்துங்கள். நேர்மாறு காணும் இன்வ் கட்டளை வேண்டாம், ஏனெனில் ஸ்பார்ஸ் அணியின் நேர்மாறு பெரும்பாலும் நிறைந்த அணியாகவே வரும், விட்டுவந்த 1,280 கோடி பைட் மீண்டும் வந்து நிற்கும்.

முழு அளவுக்குப் போகுமுன், எல்லா இணைகளுக்கும் க = 1 என வைத்து 4-க்கு 4 கட்டத்தில் சோதியுங்கள். நீர்மட்டம் தெரிந்த கட்டங்களை நீக்குவதற்கு முன் சுழியமல்லாத உறுப்புகள் 64 இருக்க வேண்டும். ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையும் சுழியமாக வேண்டும். முதன்மை மூலைவிட்டத்தில் மூலைக் கட்டங்களுக்கு 2, ஓரக் கட்டங்களுக்கு 3, உட்கட்டங்களுக்கு 4 தெரிய வேண்டும். அங்கே எல்லாமே 1 என்று வந்தால், ஸ்பார்ஸ் கட்டளையில் "யுனீக்" என்ற விருப்பம் சேர்ந்திருக்கிறது. அது கூட்டாமல் கடைசி மதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும், எடுத்துவிடுங்கள்.