சிறுநீரகம் தளர்ந்தால் இதயத்துக்கு என்ன? மருத்துவர் பதில்கள்

கிரியேட்டினின் 140 வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா? (சுங்கை சிப்புட் வாசகர்)

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; இரத்தத்தில் அதன் அளவை (லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கில்) அந்த எண் சொல்கிறது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் எழுதாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் நான் சோதிடம்தான் சொல்ல வேண்டும். அதே 140, முப்பது வயது ஆணுக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 மி.லி. என்றும், எழுபது வயதுப் பெண்ணுக்கு 35 என்றும் பொருள்படும். சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

பழுது சிறுநீரகத்தில், மருத்துவர் ஏன் இதயத்தைப் பற்றியே பேசுகிறார்?

இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் முன்பே இதய நோயால் இறப்பவர்கள் ஏராளம் என்பதால்தான். வெளியேறாத உப்பும் நீரும் இரத்தக் கொதிப்பை ஏற்றுகின்றன. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. பாஸ்பரஸ் தேங்குவதால் இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிகிறது. இரத்தசோகையும் சேர்ந்தால் இதயத்துக்கு ஓய்வே இல்லை. ஆல்புமின் ஒழுகல், வடிகட்டும் திறன் நன்றாக இருக்கும்போதே இந்த ஆபத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மருந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று அம்மா இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். சரிதானே? (தோட்டத்து வாசகி)

சரியில்லை. இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதினேன் என்று கணக்கே இல்லை. சென்ற மாதம் செம்பனைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் தம் மைலோ டின்னை என் மேசையில் கவிழ்த்தார்: நான்கு மாதத்துக்கான பெரிண்டோபிரில் என்னும் கொதிப்பு மருந்து, ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படாமல், அவற்றுக்கு அடியில் முட்டிவலிக்கு வாங்கிய டைக்ளோஃபெனக் அட்டைகள் மட்டும் காலியாக. சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துக்கு அஞ்சியவர், அதற்கு வரும் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, உடலில் உப்பைத் தேக்கி, கொதிப்பையும் ஏற்றும் மருந்தை நாள்தோறும் விழுங்கியிருந்தார். பெரும்பாலும் இனிப்புநீரும் கொதிப்பும்தான் சிறுநீரகங்களை அழிக்கின்றன. பழி மட்டும் மாத்திரையின் தலையில் விழுகிறது. பெரிண்டோபிரில் தொடங்கியதும் கிரியேட்டினின் சற்று ஏறலாம்; முப்பது விழுக்காடு வரை பெரும்பாலும் ஏற்கத்தக்கதே. இரண்டு வாரத்துக்குள் பொட்டாசியத்தோடு சேர்த்து அதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அம்மாவை இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலி மாத்திரை அட்டைகளையும் மறைக்காமல் கொண்டுபோங்கள்.

மாலையில் கால் வீங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது.

கடிதம் எழுதும் நேரமா இது? உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சிறுநீரகக் குறைவு உள்ளவர் நட்சத்திரப் பழமும் இளநீரும் சாப்பிடலாமா?

நட்சத்திரப் பழம் ஒரு துண்டுகூட வேண்டாம். அதன் நஞ்சு மூளையைத் தாக்கும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. இரத்தத்தில் அது லிட்டருக்கு 6 மில்லிமோலைத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம் என்பதால், உங்கள் பொட்டாசியம் அளவு தெரியும்வரை இளநீரையும் தவிர்த்துவிடுங்கள். ஆல்புமின் சோதனையை இன்னும் செய்யவில்லையென்றால் அதையும் சேர்த்தே கேளுங்கள்.