குறைந்த பட்ஜெட்டில் கேமரா: கடலூர், புதுச்சேரி நண்பர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பதினெட்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுத்து வருகிறேன். "கையில் இருக்கும் பணத்துக்கு எந்த கேமரா வாங்கலாம்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததை எழுதுகிறேன். லென்ஸைக் கழற்றிய பிறகு கையில் மிஞ்சுவதை 'பாடி' என்போம். கீழே அந்தச் சொல் அடிக்கடி வரும்.

அண்ணா, காலேஜ் படிக்கிறேன். 25,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். புதுசா, செகண்ட் ஹேண்டா? (கடலூர் முதுநகர்)

செகண்ட் ஹேண்டுதான் தம்பி, யோசிக்கவே வேண்டாம். லென்ஸ் மாற்றும் கேமரா புதிதாக இந்தப் பணத்தில் அடங்குவது கஷ்டம். பழையதில் கேனன் 700டி, நிக்கான் டி5300 இரண்டையும் தேடு. இரண்டும் 2013-இல் வந்தவை, இன்றைக்கும் நன்றாக உழைக்கின்றன. முழுப் பணத்தையும் பாடியில் கொட்டிவிடாதே. இரண்டாயிரமாவது ஒதுக்கி வை. நல்ல மெமரி கார்டு, காற்றுப் புகாத டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் மூன்றும் அதில் வாங்க வேண்டும்.

நிக்கான் வாங்கினால் ஒன்றைக் கவனி. டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப்.-டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டினால் கையால்தான் திருகி ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உண்டு என்பதற்கு அடையாளமாக மேலே ஏ.எஃப்.-எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

செகண்ட் ஹேண்ட் என்றாலே பயமாக இருக்கிறது சார். எப்படிப் பார்த்து வாங்குவது? (லாஸ்பேட்டை)

பயம் நியாயமானதுதான். பகலில் போங்கள், அவசரமே படாதீர்கள்.

முதலில் லென்ஸ். பாடியிலிருந்து கழற்றி, பின்பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கமிருந்து சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை. கண்ணாடி ஓரத்திலிருந்து ஒட்டடை நூல் மாதிரி வெள்ளையாகக் கிளை பிரிந்து கிடந்தால் அது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். நம் கடலோரத்தில் பழைய லென்ஸ்களைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். "எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று விற்பவரையே கேளுங்கள். தோல் பையில் போட்டு பீரோவில் வைத்திருந்தேன் என்றால் இன்னொரு தடவை டார்ச் அடியுங்கள்.

அப்புறம் சென்சார், அதாவது பாடிக்குள் படத்தைப் பதிவு செய்யும் சில்லு. லென்ஸின் துளையைச் சின்னதாக்கி எஃப் 16-இல் வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் பெரும்பாலும் தூசி, துடைத்தால் போய்விடும். மூடியைப் போட்டு ஒரு படம் எடுங்கள். அதில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் நிறைய மின்னினால் வேண்டாம்.

ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை, எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்பதை நிக்கானில் படத்தின் விவரங்களிலேயே பார்க்கலாம். டி5300-இன் ஷட்டரை ஒரு லட்சம் தடவைக்குச் சோதித்திருப்பதாக நிக்கான் சொல்கிறது. முப்பதாயிரம், நாற்பதாயிரம் ஓடியது என்றால் தாராளமாக வாங்கலாம். கேனனில் இந்த எண் படத்தில் பதிவாகாது. அதனால் வெளி அடையாளங்களைப் பாருங்கள்: கைப்பிடி ரப்பர் உப்பியிருக்கிறதா, ஃபிளாஷ் மாட்டும் இடம் தேய்ந்து பித்தளை தெரிகிறதா, அடியில் உள்ள திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா. திருகு சிதைந்திருந்தால் யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் பில்லைக் கேட்டு வாங்கி, பாடியில் உள்ள சீரியல் நம்பரோடு ஒத்துப் பாருங்கள். பில் இல்லாவிட்டால் திருட்டுப் பொருளாகக்கூட இருக்கலாம்.

700டி-யின் 18 மெகாபிக்சல் போதுமா? என் போனிலேயே 50 இருக்கிறது. (நெய்வேலி)

போதும். 12-க்கு 18 அங்குல ஆல்பப் பக்கத்தை 18 மெகாபிக்சலில் தாராளமாக பிரிண்ட் போடலாம். எத்தனை மெகாபிக்சல் என்பதைவிட சென்சார் எவ்வளவு பெரியது, லென்ஸ் எவ்வளவு வெளிச்சம் வாங்குகிறது என்பதைப் பாருங்கள்.

அண்ணே, திருவந்திபுரம் கோயில் கல்யாணங்களுக்கு ஒருவருக்கு உதவியாகப் போகிறேன். 700டி, 18-55 லென்ஸ் இருக்கிறது. உள்ளே எடுத்தால் எல்லாம் புள்ளி புள்ளியாக வருகிறது. பாடியை மாற்றலாமா? (நெல்லிக்குப்பம்)

மாற்ற வேண்டாம் தம்பி. அந்தக் காசுக்கு ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கு. உன் 18-55-ஐ முழுக்க ஜூம் செய்தால் எஃப் 5.6-க்கு வந்து நிற்கும். எஃப் எண் குறைந்தால் துளை பெரிது. அதோடு பார்த்தால் எஃப் 1.8 கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். ஐ.எஸ்.ஓ. என்பது வெளிச்சத்தை உணரும் அளவு, கூட்டினால் புள்ளியும் கூடும். 6400 ஐ.எஸ்.ஓ.-வில் திணறிய இடத்தில் 800-இல் எடுத்துவிடலாம். புதுப் பாடி வாங்கினாலும் இவ்வளவு வித்தியாசம் கிடைக்காது.

ஆனால் அங்கே முகூர்த்த நாள் கூட்டம் உனக்கே தெரியும். ஒரு ஜோடிக்குத் தாலி கட்டி முடிப்பதற்குள் பக்கத்தில் அடுத்த ஜோடி உட்கார்ந்துவிடும், பின்னால் நகர இடமே இருக்காது. உன் பாடியின் சென்சார் பழைய ஃபிலிமைவிடச் சின்னது, அதனால் 50 மி.மீ. மாட்டினால் 80 மி.மீ. மாதிரி நெருக்கிக் காட்டும். தாலி முடிச்சு போடும் கை, பெண்ணின் கண்ணோரம் திரளும் நீர் இதற்கெல்லாம் அருமை. இரண்டு வீட்டாரையும் சேர்த்து எடுக்க வேண்டுமென்றால் பழைய 18-55-ஐ மாட்டி ஃபிளாஷ் போடு. கோயிலில் ஃபிளாஷ் அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்.

வில்லியனூர் சுடுமண் பொம்மைகளை விற்கிறேன் சார். படம் நன்றாக இருந்தால்தான் ஆர்டர் வருகிறது. 15,000 ரூபாய்க்கு ஒரு கேமரா சொல்லுங்கள். (வில்லியனூர்)

அக்கா, கேமரா வாங்காதீர்கள். உங்கள் போனே போதும், கோளாறு வெளிச்சத்தில்தான் இருக்கிறது. வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரமாக ஒரு மேசை போடுங்கள். பொம்மையை வைத்து, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். நிழல் பக்கம் மெதுவாக வெளுத்து, மண்ணின் சொரசொரப்பும் விரல் பதிந்த தடமும் தெரியும். அறை விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் செம்மண் நிறம் மஞ்சளடித்துப் போகும். ஒரு சின்ன டிரைபாடும் அட்டையும் வாங்கினால் ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது. மீதிப் பணத்தை மண்ணுக்கும் சூளைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசுட்டேரியில் பறவை எடுக்க ஆசை. பெரிய ஜூம் உள்ள ஒரே கேமரா வாங்கலாமா, பாடியும் லென்ஸுமா? (முத்தியால்பேட்டை)

தூரத்துப் பறவை என்ன பறவை என்று தெரிந்தால் போதும், படம் அடையாளத்துக்குத்தான் என்றால் பெரிய ஜூம் கேமரா வாங்குங்கள். ஆனால் அந்த வகையில் பெரும்பாலானவற்றின் சென்சார் மிகச் சின்னது. 700டி-யின் சென்சார் பரப்பு அதைப்போல ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு. பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடிகாலை வெளிச்சத்தில் இது நன்றாகவே தெரியும். நானாக இருந்தால் பழைய பாடியோடு கேனன் 55-250 எஸ்.டி.எம். லென்ஸ் வாங்குவேன். தூரம் குறைவுதான், பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

சமையல் வீடியோ போடுகிறேன். கேனன் 1500டி வாங்கலாமா அண்ணா? (பண்ருட்டி)

வேண்டாம்மா. 1500டி-யில் வெளி மைக் மாட்டத் துளையே கிடையாது, நிக்கான் டி3500-லும் இல்லை. தாளிக்கும் சத்தத்தில் உங்கள் பேச்சு அமுங்கிவிடும். கேனன் 200டி பழையதாகக் கிடைத்தால் எடுங்கள். மைக் துளை உண்டு, திரை உங்கள் பக்கமே திரும்பும், நீங்கள் நகர்ந்தாலும் ஃபோகஸ் கூடவே வரும்.

வாங்கியாச்சு. கடற்கரைப் பக்கம் வீடு, எப்படிக் காப்பாற்றுவது? (தேவனாம்பட்டினம்)

இதைத்தான் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்த பிறகு எங்கள் தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வீடெல்லாம் ஈரம். லென்ஸ்களைப் பையோடு பீரோவில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்த்தேன். பொங்கல் கழித்து எடுத்துப் பார்த்தால் இரண்டு லென்ஸில் ஃபங்கஸ் படர்ந்திருந்தது. ஒன்றைக் காப்பாற்றவே முடியவில்லை. ஒரு வருடச் சம்பாத்தியத்தில் வாங்கியது அது.

பையில் வைக்காதீர்கள். ரப்பர் வளையம் உள்ள, நான்கு பக்கமும் அழுத்தி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். உள்ளே சிலிகா ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டரும் போடுங்கள். முள் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் நிம்மதி. 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். பழைய தகரத் தட்டில் கொட்டி மெல்லிய சூட்டில் வறுத்தால் நிறம் திரும்பும். சமையல் பாத்திரத்தில் செய்ய வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை டப்பாவைத் திறந்து பாருங்கள்.

கடலூர் சில்வர் பீச்சிலோ புதுச்சேரி காந்தி சிலைப் பக்கமோ எடுக்கும்போது அங்கே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியைப் பிழிந்து பாடியை ஒரு துடை, பிறகு காய்ந்த துணியால் ஒரு துடை. கண்ணாடியை மட்டும் அதற்கென்று உள்ள துணியால்தான் துடைக்க வேண்டும், அதுவும் பம்ப்பால் ஊதி உப்பும் மணலும் போன பிறகு.