கர்ப்ப காலத்தில் சிறிய விமானம்: கேட்டதும் சொன்னதும்

விமானிகளின் உடற்தகுதியைப் பரிசோதிக்கும் மருத்துவர் நான். நான்கு இருக்கை விமானம் ஒன்றை ஓட்டுகிறவளும்கூட. கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஒற்றை பிஸ்டன் இன்ஜின், கேபினுக்குள் காற்றழுத்தம் ஏற்றாத சிறிய விமானங்களுக்கு. சிக்கல் இல்லாத, ஒற்றைக் குழந்தைக் கர்ப்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ரத்தப்போக்கு, உயர் ரத்த அழுத்தம், கடுமையான ரத்தசோகை இருப்பவர்கள் உங்கள் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

அக்கா, எனக்கு 18ஆவது வாரம். 6,000 அடியில் ஒரு மணி நேரம் போகலாம் என்கிறார் கணவர். மேலே ஆக்சிஜன் குறைவாயிற்றே, குழந்தைக்கு ஒன்றும் ஆகாதா?

ஆகாதும்மா. பெரிய பயணிகள் விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், அதன் கேபினுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி மலையில் இருக்கும் காற்றுக்குச் சமம். அதில் கர்ப்பிணிகள் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கருவில் இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபின் தனி ரகம். நம்முடையதைவிட ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் நமக்கு லேசாகக் குறைவது குழந்தையை அவ்வளவாக எட்டாது.

8,000 அடிக்கு மேல் நீண்ட நேரம் போவதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். அமெரிக்க விதிப்படி 12,500 அடியைத் தாண்டி அரை மணி நேரத்துக்கு மேல் பறந்தாலோ, 14,000 அடியைத் தாண்டினாலோதான் விமானி ஆக்சிஜன் போட வேண்டும். அது விமானியின் தலை தெளிவாக இருப்பதற்காக வைத்த அளவு, கர்ப்பிணியை நினைத்து வைத்ததல்ல.

உயரம் பயமில்லை என்றால், நீங்கள் எதற்குத்தான் பயப்படுவீர்கள்?

கேபின் ஹீட்டருக்கு. இதை யாருமே கேட்பதில்லை.

பல சிறிய விமானங்களில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. இன்ஜின் புகை வெளியேறும் குழாயில் இருக்கும் எக்ஸாஸ்ட் மஃப்ளரைச் சுற்றி ஒரு தகரக் கூடு இருக்கும். வெளிக்காற்று அதற்குள் புகுந்து, சூடாகி, உங்கள் காலடிக்கு வரும். மஃப்ளரில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், அந்தச் சூட்டோடு கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும். நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று ஆரம்பிக்கும். கர்ப்பிணிக்கு இதெல்லாம் தினமும் இருப்பதுதானே? "மசக்கைதான்" என்று கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவார்கள். ஆபத்தே அங்கேதான்.

இந்த வாயு தாயின் ரத்தத்தைவிடக் குழந்தையின் ரத்தத்தில் மெதுவாக ஏறும். ஆனால் அதிகமாகச் சேரும், வெளியேறவும் கூடுதல் நேரம் எடுக்கும். "இறங்கியதும் தலைவலி விட்டுவிட்டது" என்று வீட்டுக்குப் போகக் கூடாது. மருத்துவமனைக்குப் போய், கர்ப்பம் என்பதையும் கார்பன் மோனாக்சைடு சந்தேகத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். உங்களுக்குச் சரியான பிறகும் குழந்தைக்காக ஆக்சிஜனைத் தொடர்ந்து கொடுப்பார்கள். இந்த வாயு பட்டால் நிறம் மாறும் என்று பேனலில் ஒட்டும் புள்ளி அட்டையை நான் நம்புவதில்லை. அது நிறம் மாறுவதை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் போட்டு எச்சரிக்கும் மின்னணுக் கருவி வாங்குங்கள். சந்தேகம் வந்தால் ஹீட்டரை மூடி, வெளிக்காற்றைத் திறந்து, பக்கத்தில் இருக்கும் ஓடுதளத்தில் இறங்கிவிடுங்கள்.

பயிற்சி மாணவி நான், 9ஆவது வாரம். பறப்பதற்கு முன் எரிபொருள் மாதிரி எடுத்துப் பார்ப்பது என் வேலை. தொடரலாமா மேடம்?

அந்த வேலையை இன்றைக்கே வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். இறக்கைக்கு அடியில் குனிந்து வால்வை அழுத்தும்போது, அந்த நீல நிறப் பெட்ரோல் கோப்பையில் பாதியும் மணிக்கட்டு வழியே முழங்கைக்குப் பாதியுமாக வழிவது உங்களுக்கே தெரியும். 100 எல்.எல். என்கிற அந்தப் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அதில் ஈயம் இருக்கும் வடிவம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், நஞ்சுக்கொடியையும் கடந்துவிடும். மாற்று ஆளே இல்லையென்றால் பெட்ரோல் தாங்கும் கையுறை போடுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இன்ஜின் ஓடும் விமானத்துக்குப் பின்னால் நிற்காதீர்கள்.

நானே ஓட்டுகிறேன். எந்த மாதம் வரை ஓட்டலாம்?

விதி நாட்டுக்கு நாடு மாறும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பரிந்துரை, சிக்கலற்ற கர்ப்பத்துக்கு 12ஆவது வார முடிவிலிருந்து 26ஆவது வார முடிவு வரை. ஐரோப்பாவில் மருத்துவ மதிப்பீட்டுக்குப் பிறகு 26ஆவது வாரம் வரை. அமெரிக்காவில் இயல்பான கர்ப்பம் தடையே இல்லை. எங்கே இருந்தாலும் உங்கள் சான்றிதழ் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

முதல் 12 வாரம் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? கருச்சிதைவு, மயக்கம் எல்லாம் அப்போதுதான் அதிகம். கரு கருப்பைக்கு வெளியே தரித்திருந்தால் திடீரென்று வெடித்து, சில நிமிடங்களில் நினைவு தப்பலாம். தனியாக ஓட்டுகிறவருக்கு அப்போது யார் இறக்கிக் கொடுப்பார்கள்? எந்த விதி அனுமதித்தாலும், முதல் ஸ்கேனில் கரு கருப்பைக்குள் இருக்கிறது என்று பார்க்கும் வரை தனியாகப் பறக்காதீர்கள் என்பேன். மசக்கைக்கு டாக்ஸிலமைன் எடுப்பவர்கள் கவனியுங்கள்: தூக்கம் தரும் மருந்து அது. கடைசி மாத்திரைக்குப் பின் 60 மணி நேரம் ஓட்டக் கூடாது என்பது அமெரிக்க விமானத் துறையின் கணக்கு. தினமும் அது தேவைப்பட்டால், அந்த மாதங்களில் நீங்கள் பயணி மட்டுமே.

அப்புறம் வயிறு. நிற்கும் விமானத்தில், ஓட்டும்போது உட்காருகிற மாதிரியே பெல்ட் போட்டு உட்காருங்கள். விமானத்தை ஏற்றி இறக்கிச் சாய்க்கும் பிடியை, அதாவது ஸ்டியரிங் போன்ற யோக்கையோ கால்களுக்கு நடுவே நிற்கும் ஸ்டிக்கையோ, கடைசி வரை பின்னால் இழுத்து, அங்கேயே இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள். வயிற்றில் முட்டுகிறதா? தரை தொடும் நேரத்தில் அந்தக் கடைசி இரண்டு அங்குலம்தான் தேவைப்படும். இருக்கையைப் பின்னால் தள்ளிச் சமாளிக்கலாம் என்றால், கால் பெடலை முழுதாக மிதிக்க எட்டாது. போன வாரம் முட்டவில்லை என்பது இந்த வாரத்துக்குச் செல்லாது, ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஸ்டிக் வைத்த விமானத்தில் இது சீக்கிரமே வந்துவிடும்.

பெல்ட்டை வயிற்றுக்கு மேலேயா, கீழேயா போடுவது?

கீழே, இடுப்பெலும்பின் மேல் படிகிற மாதிரி, இறுக்கமாக. தோள்பட்டி மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்கட்டும்.

ஹெட்செட் எனக்குச் சரி. குழந்தையின் காதுக்கு? வயிற்றில் சால்வை சுற்றினால் போதுமா?

சால்வையால் பயனில்லை. இன்ஜினின் தாழ்ந்த உறுமல் துணியையும் உடம்பையும் எளிதாகக் கடக்கும். ஆனால் எப்போதாவது பயணம் போகிறவர் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். நாள் முழுக்கப் பறக்கும் பயிற்றுநர்கள் 20ஆவது வாரத்துக்கு மேல் நேரத்தைக் குறைப்பது நல்லது.

என் மகளுக்கு 34ஆவது வாரம். தீவிலிருந்து சின்ன விமானத்தில் இரண்டு மணி நேரம் வர வேண்டும். அனுப்பலாமா டாக்டர்?

வேறு வழி இருந்தால் வேண்டாம் அம்மா. பெரிய விமான நிறுவனங்கள் பெரும்பாலும் 36ஆவது வாரம் வரை ஏற்றுகின்றன. அங்கே நடக்க இடமுண்டு, உதவிக்குப் பணியாளர்கள் உண்டு. இங்கே வலி வந்தால் படுக்கக்கூட முடியாது. கடலுக்கு மேல் என்றால் வழியில் இறங்கவும் முடியாது. படகு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வந்தே ஆக வேண்டுமென்றால், காலையில் காற்று அடங்கியிருக்கும் நேரத்தில் வரட்டும். மருத்துவர் சரியென்றால் அழுத்தக் காலுறை போடட்டும். கர்ப்பத்தில் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல். விமானம் குலுங்கி வயிறு எதிலாவது இடித்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனையில் காட்டுங்கள். நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிவது சில சமயம் தாமதமாகத்தான் தெரியும்.

கழிப்பறை இல்லையே, தண்ணீர் குடிக்காமல் போகட்டுமா?

கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஓடுதளம் வருகிற மாதிரி வழியைத் திட்டமிடச் சொல்லுங்கள்.

கதிர்வீச்சு? வான் சாகசம்?

நீங்கள் போகும் உயரத்தில் கதிர்வீச்சு ஒரு பொருட்டே இல்லை. சாகசம் பிரசவத்துக்குப் பிறகு.

பிரசவம் முடிந்து எப்போது திரும்பவும் ஓட்டலாம்?

மறுபடி மருத்துவப் பரிசோதனை முடிந்த பிறகுதான். அறுவை சிகிச்சை என்றால், வலி மாத்திரை இல்லாமல் பெடலை முழு பலத்தோடு மிதிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். அதைவிட முக்கியமாக, இரவில் தொடர்ச்சியாக எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்பேன். இரண்டு மணி நேரம்தான் என்றால், கொஞ்ச நாள் கழித்து வாருங்கள்.