திறமை, ஆர்வம், பிடித்த வாழ்க்கை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

உங்கள் கேள்விகள் எல்லாவற்றையும் படித்தேன். ஒரே கேள்வியைப் பலர் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருந்ததால் அவற்றைச் சேர்த்துவிட்டேன். தொழில் வழிகாட்டல் ஆலோசகராகப் பல வருடங்களாக இதே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்து யோசிப்பதைவிடச் செய்து பார்ப்பதை நம்புகிறவள் நான். பதில்களில் அந்தச் சாய்வு இருக்கும்.

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. கூடப் படித்தவர்களில் ஒருத்தி நன்றாகப் பாடுவாள், ஒருவன் வரைவான், இன்னொருவன் கோடிங்கில் புலி. எனக்கென்று எதுவுமே இல்லை. சிலருக்குத் திறமையே இல்லாமல் இருக்குமா?

நீங்கள் சொன்ன மூன்றும் நாலு பேர் பார்த்துக் கைதட்டக்கூடிய திறமைகள். மேடையே இல்லாத திறமைகள் அதைவிட அதிகம். ஒரு கூட்டத்தில் யாருடைய முகம் வாடியது என்று முதலில் கவனிப்பது, நீளமான கணக்கில் எங்கோ ஒரு எண் உதைப்பதைச் சட்டென்று பிடிப்பது, குழப்பமான விஷயத்தை மூன்று வரியில் புரியவைப்பது, சண்டை போட்ட இருவருமே வந்து பேசும் ஆளாக இருப்பது. இவை இருப்பவர்களுக்கே பெரும்பாலும் தெரியாது. சுலபமாக வருவதை நாம் திறமைக் கணக்கில் சேர்ப்பதில்லை. "இதெல்லாம் ஒரு விஷயமா, யார் வேண்டுமானாலும் செய்வார்களே" என்று எதைச் சொல்லி ஒதுக்குகிறீர்களோ அங்கிருந்து தேடுங்கள்.

இரண்டு வாரம் ஒரு குறிப்பு எழுதிப் பாருங்கள். யார் எதற்காக உங்களைத் தேடி வந்தார்கள், எந்த வேலையைப் பிறர் அரைகுறையாகச் செய்தபோது உங்களுக்கு எரிச்சல் வந்தது, யாரும் சொல்லாமலேயே எதை இன்னொரு முறை சரிபார்த்தீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும். அந்த எரிச்சலைக் கட்டாயம் எழுதுங்கள். ஒரு வேலை எப்படி இருக்க வேண்டும் என்ற தெளிவு உங்களிடம் இருப்பதால்தான் அது கோணலாகும்போது உறுத்துகிறது. அப்புறம் உங்களை நன்கு அறிந்த நான்கைந்து பேரிடம், "நான் உண்மையிலேயே உதவியாக இருந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "என் பலம் என்ன?" என்று கேட்டால் பொதுவான பாராட்டுதான் வரும். சம்பவத்தைக் கேட்டால் விவரம் வரும்.

கேள்வி: ஆன்லைனில் ஆளுமைத் தேர்வுகள் நிறைய இருக்கின்றன. அவற்றை நம்பி ஒரு துறையைத் தேர்ந்தெடுக்கலாமா?

பேச்சைத் தொடங்க உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது. அவற்றிலும் தரம் வேறுபடும். ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த தொழில் ஆர்வக் கோட்பாட்டை இன்றும் உலகம் முழுக்க ஆலோசகர்கள் பயன்படுத்துகிறார்கள். கையால் செய்யும் வேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுவது, வழிநடத்தி விற்பது, ஒழுங்காகப் பதிந்து பராமரிப்பது என்று அதில் ஆறு வகை ஆர்வங்கள். கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004-இல் தொகுத்த 24 குணப் பலங்களின் பட்டியலையும் பார்க்கலாம். ஆனால் மனிதர்களை நான்கெழுத்து வகைகளில் அடைக்கும் பிரபலமான மையர்ஸ்-பிரிக்ஸ் (MBTI) தேர்வை நான் பரிந்துரைப்பதில்லை. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு வகை வந்துவிடுகிறது. எந்தத் தேர்வும் கடைசியில் நீங்களே உங்களைப் பற்றிச் சொன்னதைத்தான் அடுக்கித் திருப்பித் தரும். ஒரு துறையில் நீங்கள் இன்னும் கால் வைக்கவே இல்லையென்றால் அதைப் பற்றித் தேர்வுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

கேள்வி: பிறவித் திறமை முக்கியமா, பயிற்சி முக்கியமா? 10,000 மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் நிபுணர் ஆகலாம் என்கிறார்களே?

உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களிடம் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பிய எண் அது. மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் தனியாகச் செய்திருந்த பயிற்சியின் சராசரிதான் ஏறத்தாழ 10,000 மணி. அது ஒரு எல்லைக்கோடு அல்ல என்று எரிக்சனே பிற்பாடு மறுத்து எழுதினார். 2014-இல் ப்ரூக் மக்னமாராவின் குழு பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஆட்களுக்கிடையே உள்ள திறன் வேறுபாட்டில் பயிற்சியால் விளக்க முடிந்தது இசையில் 21 சதவீதம், விளையாட்டில் 18 சதவீதம். ஆகவே பயிற்சி அவசியம், அது மட்டுமே போதாது. பிறவியில் வந்தது எவ்வளவு என்று அளந்துகொண்டிருப்பதைவிட, போன மாதத்தைவிட இந்த மாதம் கை தேறியிருக்கிறதா என்று பாருங்கள். அது நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது.

கேள்வி: மேடம், எனக்குப் பிரச்சினை நேர்மாறானது. கிடார், புகைப்படம், புது மொழி, வீடியோ எடிட்டிங் என்று எல்லாவற்றிலும் ஆசையாக இறங்குவேன். மூன்றே மாதத்தில் ஆர்வம் வற்றிவிடும். என் உண்மையான ஆர்வம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த முறை வந்ததில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

"உண்மையான ஆர்வம்" ஏற்கெனவே முழுசாக உங்களுக்குள் எங்கோ இருக்கிறது, சரியானதைத் தொட்டுவிட்டால் அலுப்பே வராது என்று நம்புகிறீர்கள். உங்களைக் காலை வாரிவிடுவது இந்த நம்பிக்கைதான். பால் ஓ'கீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் மூவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு விண்வெளியின் கருந்துளைகள் பற்றி ஒரு சுவையான வீடியோவைக் காட்டினார்கள். பெரும்பாலோருக்குப் பிடித்துவிட்டது. அடுத்து அதே பொருளில் கடினமான ஓர் அறிவியல் கட்டுரையைப் படிக்கத் தந்தார்கள். ஆர்வம் என்பது கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று என்று நம்பியவர்களின் உற்சாகம், அது வளர்த்துக்கொள்ளக்கூடியது என்று நம்பியவர்களின் உற்சாகத்தைவிட அதிகமாகச் சரிந்தது. முதல் வகையினர் "கஷ்டமாக இருக்கிறது, அப்படியென்றால் இது எனக்கானது இல்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

உங்கள் மூன்று மாதக் கணக்கும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நிற்கிறது. எதைக் கற்றாலும் முதலில் வேகமாக முன்னேறுவோம். எல்லாமே புதுசு, தினமும் ஏதோ ஒன்று கைகூடும். அதற்குப் பிறகு வருவது ஒரு மந்தமான காலம். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது. அதே சமயம் காதும் கண்ணும் தேறிவிட்டதால் நம் குறைகள் மட்டும் துல்லியமாகத் தெரியும். கிடாரில் விரல் மாற்றம் தடுமாறுவது முதல் மாதம் கேட்காது, மூன்றாம் மாதம் கேட்கும். உங்கள் ரசனை கையைவிட வேகமாக வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை ஆர்வம் செத்துப்போனதாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

அதற்காக எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தொடருங்கள் என்று சொல்ல மாட்டேன். சிலது நிஜமாகவே ஒத்துவராது. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி, அந்தத் துறையின் சலிப்பான பகுதியை உங்களால் தாங்க முடிகிறதா என்பது. புகைப்படம் என்றால் படம் எடுப்பது கொஞ்ச நேரம்தான். எடுத்து வந்த நூற்றுக்கணக்கான படங்களில் எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று உட்கார்ந்து பிரிப்பதும் அதே வேலைதான். அந்தப் பிரிக்கும் வேலையில் நேரம் போவது தெரியவில்லையா? விடாதீர்கள். அதை நினைத்தாலே கசக்கிறது, படம் எடுக்கும் இன்பம் மட்டும் வேண்டும் என்றால் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றை மட்டும் எடுங்கள். விட்டுவிடத் தோன்றும் நாளிலிருந்து இன்னும் ஆறு வாரம் தொடருவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். அந்த ஆறு வாரமும் தனியாக இருக்காமல் உங்களைவிடக் கொஞ்சம் தேறிய ஒருவரிடம் திருத்தம் கேளுங்கள். மந்தமான காலத்தைத் தனியாகக் கடப்பது ரொம்பக் கஷ்டம். அதற்குப் பிறகும் விடத் தோன்றினால் தாராளமாக விடலாம்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. நன்றாக வரைகிறாள். வாரம் ஒரு படம் முடித்தால் பரிசு என்று சொல்லியிருக்கிறேன். இந்தத் திறமையை இன்னும் எப்படி வளர்ப்பது?

முதலில் அந்தப் பரிசை நிறுத்திவிடுங்கள், தயவுசெய்து. 1973-இல் மார்க் லெப்பரும் சகாக்களும் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிற்பாடு யாரும் எதுவும் சொல்லாத நேரத்தில் மற்றவர்களைவிடப் பாதி அளவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு அந்தச் சரிவு இல்லை. ஆசைக்காகச் செய்ததைக் கூலிக்குச் செய்வதாக மாற்றிவிட்டோம் என்பதுதான் சிக்கல்.

பெஞ்சமின் ப்ளூம் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் பியானோ, சிற்பம், நீச்சல், கணிதம் போன்ற துறைகளில் உச்சம் தொட்ட 120 பேரின் இளமைக் காலத்தை விசாரித்தார். பலருக்கும் முதலில் வாய்த்த ஆசிரியர்கள் பெரிய மேதைகள் அல்ல, அன்பானவர்கள். பாடத்தை விளையாட்டைப் போல நடத்தியவர்கள். கண்டிப்பான நிபுணர்கள் பிறகுதான் வந்தார்கள். மகளுக்கு நல்ல தாளும் நிறங்களும் தொந்தரவில்லாத நேரமும் கொடுங்கள். "சூப்பர்" என்று சொல்லி நகராமல், "இந்த மரத்துக்கு ஏன் நீல நிறம்?" என்று கேளுங்கள். வேறு விஷயங்களையும் தொட்டுப் பார்க்கட்டும்.

கேள்வி: நல்ல சம்பளத்தில் வேலை. ஆனால் மரவேலைதான் என் உயிர். வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கினால்தான் ஜெயிக்க முடியும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தைரியம் வரவில்லை.

தைரியம் வராதது நல்லதே. ராஃபி, ஃபெங் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் அமெரிக்கத் தரவுகளை வைத்துப் பார்த்தார்கள். வேலையில் இருந்துகொண்டே சொந்தத் தொழிலைத் தொடங்கி, பிறகு முழுநேரமாக மாறியவர்கள் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு, எடுத்த எடுப்பிலேயே முழுநேரமாக இறங்கியவர்களைவிட ஏறத்தாழ 33 சதவீதம் குறைவாக இருந்தது. வேலையோடு சேர்த்துச் செய்யும்போது தவறுகளுக்கு அவகாசம் கிடைக்கிறது. மாத முடிவில் பணம் வேண்டுமே என்று பிடிக்காத ஆர்டரை ஏற்க வேண்டியதில்லை.

முதலில் முன்பின் தெரியாத ஒருவருக்கு, அவர் கேட்ட அளவில், அவர் சொன்ன தேதிக்குள் ஒரு பொருளைச் செய்து கொடுங்கள். நமக்குப் பிடித்ததைச் செய்வதும் பிறர் கேட்டதைச் செய்வதும் வேறு வேறு அனுபவங்கள். இரண்டாவதும் பிடித்திருந்தால் அடுத்ததைப் பேசலாம்.

கேள்வி: எனக்குப் பிடித்த துறையில்தான் இருக்கிறேன். ஆனால் அது இல்லாவிட்டால் நான் யாருமே இல்லை என்று தோன்றுகிறது. தூக்கம், நட்பு எல்லாம் போய்விட்டது. ஆர்வம் என்றால் இப்படித்தான் இருக்குமா?

இல்லை, இப்படி இருக்க வேண்டியதில்லை. உளவியலாளர் ராபர்ட் வலராண்ட் 2003-இல் ஆர்வத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று வாழ்க்கையின் மற்ற பகுதிகளோடு இணங்கிப் போவது, மற்றது ஆளையே ஆட்டிவைப்பது. அவர் ஆய்வில், பனி உறைந்த குளிர்காலச் சாலையிலும் சைக்கிளை விடாதவர்களிடம் இரண்டாவது வகை அதிகமாகத் தெரிந்தது. ஆபத்து என்று தெரிந்தும் நிறுத்த முடியாத நிலை அது.

ஒரு வார இறுதி முழுக்க அதைத் தொடாமல் இருந்து பாருங்கள். ஏக்கம் வந்தால் இயல்பு. குற்ற உணர்வும் பதற்றமும் வந்தால் இடைவெளி உங்களுக்கு அவசியம் தேவை. தூக்கம் நீண்ட நாளாகக் கெட்டிருப்பதால் மருத்துவரையும் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆர்வத்தோடு வேலை செய்கிறவரிடம் ஊதியமில்லாத கூடுதல் வேலை வாங்குவதை மற்றவர்கள் நியாயம் என்று எண்ணிவிடுகிறார்கள் என 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் ஆசை யாருக்காவது இலவச உழைப்பாகிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. திறமை இருக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. திறமை ஒரு வசதி, அது உங்களுக்குக் கட்டளை போட முடியாது. ஆனால் முழுசாக உதறுவதற்கு முன், உங்களுக்குப் பிடிக்காதது கணக்கா, அதைச் செய்யும் சூழலா என்று பாருங்கள். எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வகுத்த கோட்பாட்டின்படி, ஒரு வேலையில் மனம் ஒன்றத் தன் விருப்பப்படி செய்யும் சுதந்திரம், கைதேர்ந்த உணர்வு, பிறரோடு பிணைப்பு ஆகிய மூன்றும் வேண்டும். உங்களுக்கு இரண்டாவது நிறைய இருக்கிறது. மற்ற இரண்டும் இல்லாமல் அது மட்டும் இருந்தால் எந்த வேலையும் வறண்டுதான் போகும்.

அதே கணக்கைத் தடுமாறும் ஒரு சிறுவனுக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். நீங்கள் மதிக்கும் ஒரு சேவைக் குழுவுக்கு வரவுசெலவு பார்த்துக் கொடுங்கள். அங்கேயும் கசந்தால் கணக்கு உங்களுக்குச் சம்பாதித்துத் தரட்டும், மனதை வேறு எதற்காவது கொடுங்கள்.

கேள்வி: 61 வயதாகிறது. குடும்பக் கடமைகள் இப்போதுதான் முடிந்தன. ஓவியம் கற்க ஆசை. சிரிப்பார்களோ?

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் அம்மா. "கிராண்ட்மா மோசஸ்" என்று உலகம் அறிந்த அமெரிக்க ஓவியர் 1860-இல் பிறந்தவர். எழுபதுகளின் பிற்பகுதியில்தான் தீவிரமாகத் தூரிகை பிடித்தார். 1940-இல் நியூயார்க்கில் தனிக் கண்காட்சி நடந்தது, 101 வயது வரை வாழ்ந்தார். அவரளவு புகழ் வருமா என்பதை விடுங்கள். உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. நேரில் சொல்லித்தரும், சின்னக் குழுவாக இருக்கும் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். பென்சில் கோட்டில் தொடங்கும் வகுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. கைநடுக்கமோ கண்பார்வைச் சிரமமோ இருந்தால் ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெரிய தாள், தடித்த தூரிகை என்று அதற்கேற்ப மாற்றித் தருவார்கள்.