உயிரற்ற மூலக்கூறுகளிலிருந்து முதல் உயிர் தோன்றியது குறித்து அறிவியலாளர்கள் ஏன் இன்னும் வாதிடுகிறார்கள்?

உயிரற்ற வேதிப்பொருள்கள் படிப்படியாகத் தம்மைத் தாமே படியெடுக்கும் அமைப்பாக மாறியதையே உயிரின் தோற்றம் என்கிறோம். இன்றைய செல்லில் புரதம் உருவாக டிஎன்ஏவின் குறிப்பு வேண்டும். அந்த டிஎன்ஏவைப் படியெடுக்கவோ புரதம் வேண்டும். பூட்டிய பெட்டிக்குள்ளேயே அதன் சாவி கிடப்பது போன்ற சிக்கல் இது. 1980களில் தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும், டிஎன்ஏவை ஒத்த சில ஆர்என்ஏக்கள் மரபுச் செய்தியைச் சுமக்கும் வகை மூலக்கூறாக இருந்தும், புரதங்களைப் போல வேதிவினைகளை விரைவுபடுத்தும் நொதியாகவும் வேலை செய்வதைக் கண்டறிந்ததால், ஆர்என்ஏவே முந்தியது என்ற கருத்து வலுப்பெற்றது. ஆனால் ஆர்என்ஏ எளிதில் சிதையக்கூடியது என்பதால், கடலடி வெந்நீர் ஊற்றுகளின் நுண்துளைப் பாறைகளில் வேதிவினைச் சுழற்சிகளே முதலில் தொடங்கின என்று மற்றொரு தரப்பு வாதிடுகிறது. இரண்டும் சேர்ந்தே வளர்ந்திருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பலரும் நினைப்பதற்கு மாறாக, 1953இல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி கலந்த குடுவையில் மின்பொறி பாய்ச்சி உயிரை உருவாக்கிவிடவில்லை. அவருக்குக் கிடைத்தவை அமினோ அமிலங்கள் முதலிய கரிமச் சேர்மங்களே.